ஊமைச்சி வீடு

அலெக்ரா என்றால் கிரேக்க நாட்டுச் சலோனிக்கா யூதர்களின் வீட்டு ஸ்பானிஷில் சந்தோஷம் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டிலில் கிடந்த பிள்ளை நாற்பத்து நான்கு வயதில் சலோனிக்கா நகரத்து வழிகாட்டிகளுக்குள் "தீப்பெட்டி" என்று பட்டம் வாங்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் பழைய யூதத் தெருக்களில் கூட்டத்தை நடத்திச் செல்வாள். இடித்த கல்லறைகளின் கற்கள் எந்தெந்த வீட்டு முற்றத்தில் தளமாகக் கிடக்கின்றன என்று கை நீட்டிக் காட்டுவாள். வீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்தினால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வாள்.

நகரத்தில் அவளை யாரும் தடுக்கவில்லை. தடுத்தது பெத்ரோகாரியாவில்தான்.

ஒலிம்பஸ் மலைச் சரிவில் இருக்கிற சின்ன ஊர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பஸ் நிறைய ஆட்களை அங்கே அழைத்துப் போவாள். ஒரு யூதச் சிறுமியை யுத்த காலத்தில் ஒளித்துக் காப்பாற்றிய ஊர் என்று பெத்ரோகாரியாவுக்கு இப்போது பெயர். அந்தச் சிறுமி வேறு யாருமில்லை, அலெக்ராவின் அம்மா பலோம்பா. ஆனாலும் ஊர் எல்லைக்குள் அலெக்ரா வாயைத் திறக்கக் கூடாது. ஊர்ப் பண்பாட்டுக் கழகத்தோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. ஊர்க்கதையை ஊர்க்காரன்தான் சொல்வான், பட்டணத்து வழிகாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். மீறினால் ஊர்க் கதவு மூடிவிடும், உரிமம் கொடுத்த இலாகாவுக்குப் புகாரும் போகும். மூன்று வருஷமாக அவள் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடிக்கக் காரணம் இருந்தது. பலோம்பாவைக் காப்பாற்றியவள் பெயர் தோமாயிஸ் பக்கோலா. மலைச் சனங்களின் கம்பளி நூலை வாங்கி, சலோனிக்காவில் பலோம்பாவின் அப்பாவுடைய போர்வைக் கடைக்குக் கொண்டுவந்து போடுகிற பெண். புருஷன் கிடையாது, பிள்ளை கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று வசந்தத்தில், ஜெர்மன்காரன் யூதர்களை ரயிலில் ஏற்ற ஆரம்பித்தபோது அவள் கடைக்கு வந்தாள். கடையில் அப்போது நின்றுகொண்டிருந்த பிள்ளை பலோம்பா. கூடப் பிறந்த மற்ற மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பலோம்பாவுக்கு அப்போது பதினொரு வயது. சலோனிக்கா யூதப் பிள்ளைகள் கிரேக்கத்தை ராகம் போட்டுப் பேசும். இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் போதும், எந்தத் தெருப் பிள்ளை என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆகவே மலையேறும்போதே தோமாயிஸ் உத்தரவு போட்டாள்: "இன்னையிலேர்ந்து நீ என் செத்துப்போன தங்கச்சி மக. பொறவி ஊமை. புரிஞ்சுதா? தலைய ஆட்டு. ஆங், அப்படித்தான்." ஒன்றரை வருஷம் பலோம்பா தலையை மட்டும் ஆட்டினாள். ஊர் அவளை ஊமைச்சி என்றது.

சண்டை முடிந்து பலோம்பா நகரத்துக்குத் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. தோமாயிஸும் மலையில் நிலைக்கவில்லை. காட்டில் இருந்த போராளிகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் என்று, அடுத்து வந்த உள்நாட்டுச் சண்டையில் அவளைத் துரத்தினார்கள். தோற்ற கம்யூனிஸ்டுகளோடு எல்லை தாண்டிப் போய் சோவியத் தாஷ்கெண்டில் செத்தாள்.

ஊர்க்கதையில் இந்தத் தோமாயிஸ் எங்கே இருக்கிறாள்? எங்கேயும் இல்லை. ஊமைச்சி வீடு என்று காட்டுகிற, தோமாயிஸ் வாழ்ந்த கல்வீட்டில் இன்று குடியிருப்பது கரதிமோஸ் குடும்பம். காப்பாற்றியதும் கரதிமோஸ் குடும்பம்தான் என்று கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், அதன் மேல் டிக்கெட்டும் போட்டார்கள். அலெக்ரா கேட்டபோதெல்லாம் கழகத் தலைவி ஸஹரூலா சிரித்தபடியே ஒரே பதிலைச் சொல்வாள். அவள் பெயருக்குள் சர்க்கரைக்கான கிரேக்கச் சொல் இருக்கிறது, பேச்சில் சர்க்கரையே இருக்கும். "ஆதாரம் இல்லையே, கண்ணு. அந்தம்மா வேற செங்கொடிக்காரி. ஆறின புண்ணை ஏன் கிளறணும்?" ஸஹரூலா கரதிமோஸ் வீட்டு மருமகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மே மாதம் அந்த வீட்டுச் சுவரில் பித்தளைத் தகடு பதிக்கிறார்கள். "இவ்வீட்டில் கரதிமோஸ் குடும்பத்தார் ஒரு யூதச் சிறுமியைக் காத்தனர்." திறந்துவைக்க யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, இத்தனை வருஷமும் வெளியில் வாய் திறக்காத சாட்சாத் ஊமைச்சியையே கூப்பிட்டிருந்தார்கள். பித்தளை ஒரு முறை சுவரில் ஏறிவிட்டால் பிறகு தோமாயிஸ் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். அலெக்ராவுக்கு மூன்று ராத்திரி தூக்கம் இல்லை.

பஸ்ஸில் அம்மாவும் மகளும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, ஒரே ஒரு பேரு. தோமாயிஸ் பக்கோலா. அவ்வளவு சொன்னாப் போதும். நீ சொல்லிட்டா அப்புறம் அந்தத் தகட்டை அவங்களால மாட்ட முடியாது."

பலோம்பா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோலோடு இரவெல்லாம் வேகவைத்த பழுப்பு முட்டை. எழுபத்தேழு வயதிலும் பிரயாணம் என்றால் அவளுக்கு அந்த முட்டை வேண்டும்.

"வாயத் தொறக்காதேன்னு ஒருத்தி சொன்னா. இப்ப வாயத் தொறன்னு நீ சொல்ற. என் வாய்க்கு எப்பவும் வேற யாராவதுதான் எசமான்."

"சொல்லுவியா மாட்டியா?"

"இந்தா, முட்டையத் தின்னு. வெறும் வயித்துல உனக்குக் கோவம் ஜாஸ்தி."

"எனக்குக் கோவமே இல்ல!" என்று அலெக்ரா கத்தினாள். பின்னால் இருந்த முப்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஊர் முகப்பில் ஸஹரூலா கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "எங்க ஊமைச்சிம்மா வந்துட்டாங்க! எங்க ஊருத் தங்கம்!" என்று பலோம்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். பலோம்பா மரம் போல நின்றாள். பக்கத்து மேசையில் அக்ரூட் காயைப் பாகில் போட்ட சீசாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு சீசாவிலும் உதட்டில் விரல் வைத்த ஒரு சிறுமியின் படம். அதன் கீழே "ஊமைச்சி இனிப்பு". அலெக்ரா தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பாவிட்டால் மேசை கவிழ்ந்திருக்கும்.

அடுத்தது அட்டை. வருகிறவர்கள் கழுத்தில் எல்லாம் "இன்று நான் ஊமை" என்று எழுதிய அட்டையை மாட்டிவிடுவார்கள். ஊற்றிலிருந்து கோயில் வரைக்கும், கோயிலிலிருந்து வீடு வரைக்கும் யாரும் பேசக் கூடாது. சிறுமி பட்ட பாட்டை அனுபவித்துப் பார்க்கிறார்களாம். பட்டணத்துச் சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அதோடு அந்தப் பாடு முடிந்தது. ஸஹரூலா ஒரு அட்டையைக் கொண்டுவந்து, பாவி, பலோம்பாவின் கழுத்திலும் மாட்டினாள்.

"எடுங்க அதை," என்றாள் அலெக்ரா.

"சும்மா போட்டோவுக்கு, கண்ணு."

"எடுங்கன்னு சொன்னேன்."

பலோம்பா மகளின் கையை அழுத்தினாள். தலையை ஆட்டினாள். அலெக்ரா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அந்த ஆட்டல் அவளுக்குத் தெரியும். இரு, பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம்.

கரதிமோஸ் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நீலத் துணி மூடிய தகடு. அதன் கீழே, வெள்ளைச் சட்டையும் வெள்ளி வைத்த கைத்தடியுமாக ஆர்கிரிஸ் கரதிமோஸ் உட்கார்ந்திருந்தான். ஸஹரூலாவின் மாமனார், எண்பதை எட்டிய கிழவன். ஊர்க்கதையைச் சொல்கிறவன் அவன்தான். யுத்தத்தின்போது பதினாலு வயதுப் பையன், கண்ணால் கண்ட சாட்சி என்று அறிமுகம் செய்வார்கள். பேச்சில் சூரன். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமோ அந்த இடத்தில் தவறாமல் உடையும்.

"எங்கப்பா கம்பளி விக்க சலோனிக்கா போனவரு, ஒரு பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாரு," என்று ஆரம்பித்தான். "ஊர்க்காரங்க கேட்டாங்க, யாரு இதுன்னு. எங்கப்பா சொன்னாரு, 'இது என் செத்துப்போன தங்கச்சி மக. பொறவி ஊமை.'"

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த இடத்தில் அலெக்ராவின் காது சூடாகும். தோமாயிஸ் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யைக்கூட விட்டுவைக்கவில்லை, திருடிக்கொண்டார்கள். அவள் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். பலோம்பா கழுத்து அட்டையோடு முன் வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எப்போது சொல்லப்போகிறாள்? சொல்வாளா, மாட்டாளா?

வழக்கமான கதை முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கிழவன் பிழைத்திருப்பான். ஆனால் இன்று முன் வரிசையில் விருந்தாளி இருக்கிறாள், பத்திரிகைக்காரன் ஒருவனும் காமெராவோடு வந்திருக்கிறான். தவளையும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஆர்கிரிஸ் தடியை ஊன்றி எழுந்து, இதுவரை சொல்லாத ஒன்றைச் சேர்த்தான்.

"இன்னைக்கு இந்தம்மா முன்னாடி ஒரு ரகசியம் சொல்றேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவங்க பேசினாங்க. நல்ல பனிக் காலம். எங்க அடுப்புல கை பட்டு வெந்துபோச்சு. அப்ப தன்னையறியாம கத்தினாங்க பாருங்க, அவங்க பாஷையில: 'குவாய் தெ மி!' எங்கம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாங்க, யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு…"

குவாய் தெ மி. ஐயோ என் கதியே என்று அர்த்தம். சலோனிக்கா யூதப் பெண்கள் பால் பொங்கி வழிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், இழவு விழுந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கிழவன் அதை அதே ராகத்தில், அதே இழுப்போடு சொன்னான். அறுபத்தைந்து வருஷம் காதுக்குள் வைத்திருந்தவனால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அலெக்ராவின் கண் தலைத்துணி மூடிய அம்மாவின் பின்கழுத்துக்குப் போனது.

சின்ன வயதில் அம்மாவுக்குத் தலை வாரும்போது கண்டுபிடித்தது அது. பின்கழுத்தில், முடி ஆரம்பிக்கிற இடத்துக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வழுவழுப்பான தழும்பு. அம்மா ஒரு தடவைதான் அதைப் பற்றிச் சொன்னாள். தை மாதக் குளிர். தோமாயிஸ் வெளியே போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ரொட்டி அடுப்பில் பலோம்பா குனிந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தார்கள். ஊமை நிஜ ஊமைதானா என்று பார்க்க. ஒன்றரை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே பேச்சு அப்போதுதான் வந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கம்பி மட்டும் பனியில் கிடந்து சீறிக்கொண்டிருந்தது. "அக்கம்பக்கத்துல ஒரு சனம் கிடையாது. யாரு காதுலயும் விழல. தெய்வம் காப்பாத்துச்சு," என்று அம்மா முடித்திருந்தாள்.

வைத்தவன் காதில் விழுந்திருக்கிறது.

பலோம்பா எழுந்தாள். நிதானமாக எழுந்தாள். கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். பிறகு தலைத்துணியையும் அவிழ்த்தாள்.

"கை வெந்துச்சா?" என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. "எங்கே, எந்தக் கைன்னு காட்டு, பாப்போம்."

ஆர்கிரிஸ் சிரித்தான். "அத்தனை ஞாபகம் இல்லம்மா. வயசாச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் திரும்பி, நரைத்த முடியை ஒரு கையால் தூக்கி, கூட்டத்துக்கும் காமெராவுக்கும் பின்கழுத்தைக் காட்டினாள். "அடுப்புல யாராவது இப்படிச் சுட்டுக்குவாங்களா? அங்க என்னைத் தவிர ஆள் கிடையாது. கம்பி வெச்சவன் ஒருத்தன். அவன்தான் அந்த வார்த்தையக் கேட்டான். இத்தனை வருஷமா அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. இப்ப நீயே சொல்லிட்ட."

இப்போதுதான் எல்லாரும் நிஜமாகவே ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்னப் பசங்க வெளையாட்டு," என்று கிழவன் முணுமுணுத்தான். "பதினாலு வயசு. என்ன தெரியும்?"

"வெளையாட்டா?" அலெக்ரா குடையோடு முன்னால் வந்தாள். ஓரமாக நிற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அதோடு பறந்தது. "மாமா, வெளையாடிட்டு வீட்டுக்குப் போயி யார்கிட்ட சொன்னீங்க? உங்கப்பாகிட்டயா?"

அவள் மூளைக்குள் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. கம்பி சுட்ட வாரமே தோமாயிஸும் பலோம்பாவும் வீட்டைக் காலிசெய்து ஆட்டுக் கொட்டகைக்குக் குடிபோனார்கள். அம்மா பல தடவை சொன்ன கதை அது: ஆடுகளுக்கு நடுவே படுத்தால் குளிரே தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஏன் போனீர்கள் என்று கேட்டால், "கூரை ஒழுகுதுன்னா தோமாயிஸ். வந்த வெலைக்கு வித்துட்டேன்னா." யாரிடம் விற்றாள் என்று அலெக்ரா கேட்டதில்லை. குடியிருக்கிறவர்களைப் பார்த்தால் தெரியாதா?

"இந்த வீடு உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கண்ணு, சாப்பாடு ஆறுது," என்று ஸஹரூலா குறுக்கே வந்தாள். "எல்லாரும் வாங்க, ஆட்டுக்கறியும் கீரைப் பிட்டாவும் இருக்கு, திராட்சைச் சாராயம் நம்ம வீட்டுச் சரக்கு. பழசெல்லாம் அப்புறம் பேசலாம்."

யாரும் அசையவில்லை. அசைந்தவள் பலோம்பா ஒருத்திதான். நீலத் துணியைத் தாண்டி, கிழவனைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனாள். வழி கேட்கவில்லை. நடைக்கு இடதுபுறம் சமையலறை. அங்கே ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அலெக்ராவும் ஆர்கிரிஸும் ஸஹரூலாவும் பின்னாலேயே ஓடினார்கள். முப்பது பேரும் காமெராவும் ஜன்னலில் வந்து மொய்த்தார்கள்.

"வெளிய வாங்கம்மா," என்றான் ஆர்கிரிஸ். "இது என் வீடு."

"உங்கப்பா என்னைத் தங்கச்சி மகன்னு ஊருக்கெல்லாம் சொன்னாருன்னு இப்பத்தானே மைக்ல பேசின?"

"ஆமா. சொன்னாரு."

"அப்ப தங்கச்சி மகளுக்குப் பங்கு இல்லையா? எந்த அறை எனக்கு?"

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிழவன் முகம் சிவந்தது. "அது… ஜெர்மன்காரனுக்காகச் சொன்ன பொய்தானே!"

"யாரு சொன்ன பொய்?"

கிழவன் மருமகளைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு," என்றாள் பலோம்பா. "உங்கப்பா சொன்னதுன்னா எனக்கு இங்க பங்கு உண்டு. தோமாயிஸ் சொன்னதுன்னா அவளுக்குப் புருஷன் பிள்ளை கிடையாது, ஒரே தங்கச்சி மக நான், வீடு முழுசும் எனக்கு. ரெண்டுல எது?"

"அந்தக் கம்யூனிஸ்ட் பேரை என் வீட்டுக்குள்ள சொல்லாதீங்க!"

"ஏன், வலிக்குதா?"

ஆர்கிரிஸ் தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் உடைகிற குரல் இல்லை இப்போது வந்தது. இது அவனுடைய சொந்தக் குரல்.

"அவளே எழுதிக் குடுத்தா! கைநாட்டு வெச்சுக் குடுத்தா! யாரும் கழுத்துல கத்தி வெக்கல!"

"எதுக்குக் குடுத்தா?" என்றாள் அலெக்ரா.

"எங்கப்பா சும்மா இருந்தாரே, அதுக்கு! கீழ போய் ஜெர்மன்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்தியிருப்பான். சொன்னாரா? சொல்லல! கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல! ரெண்டு உசுருக்கு ஒரு வீடு. ஒரே ஒரு வீடு! கொள்ளை மலிவு! நியாயமாப் பாத்தா நீங்க எங்களைக் கும்பிடணும். நாங்க காப்பாத்தலன்னா இந்தம்மா இங்க உக்காந்து வம்பு பேசிக்கிட்டிருக்குமா?"

எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பிடுங்கியதற்காகக் கும்பிடவும் சொல்கிறவனை அலெக்ரா அன்றுதான் பார்த்தாள். அவனை என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எண்பது வயதுக் கிழவனை அடிக்க முடியாது என்பதுதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரிய அநியாயமாக அவளுக்குப் பட்டது.

பலோம்பா கிழவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்ரூட் மர உத்தரம், கறுத்து, கல்லைப் போலக் கெட்டியாக, ஒரு நீர்க்கறைகூட இல்லாமல் இருந்தது.

"அறுபத்தஞ்சு வருஷமா," என்றாள், "இந்தக் கூரை ஒழுகுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். சொல்லியிருந்தா நான் அழுவேன்னு அவ சொல்லல. நான் கத்தினதாலதான் வீடு போச்சுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு… கடைசி வரைக்கும் சொல்லலடி அலெக்ரா." கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அலெக்ரா பக்கத்தில் போனாள். தொட விடவில்லை. "வேண்டாம். இப்ப அழுதா எனக்குக் கோவம் போயிடும்."

ஸஹரூலாவின் சர்க்கரை எல்லாம் தீர்ந்திருந்தது. "ரெண்டு பேரும் எழுந்திரிக்கிறீங்களா, இல்ல போலீசைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு தாயி," என்றாள் பலோம்பா. "அப்ப கூப்பிடாம இருக்கத்தான் வீடு கேட்டீங்க. இப்ப கூப்பிடறது இனாம்தான்."

ஸஹரூலா அலெக்ராவின் பக்கம் திரும்பினாள். "நீ இந்த ஊருக்குள்ள இனி காலெடுத்து வெக்க முடியாது, தெரியும்ல? ஒரு கடிதாசி போட்டா உன் உரிமம் என்ன ஆகும்னு பாத்துக்க. ஒப்பந்தம் இருக்கு. இந்த ஊர்ல நீ பேசக் கூடாது."

"அலெக்ரா," என்றாள் அம்மா, "ஆளுங்களை உள்ள கூப்பிடு. காசு குடுத்து வந்தவங்க, ஜன்னல்ல தொங்கிட்டிருக்காங்க."

அலெக்ராவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேறு தொழில் தெரியாது, இன்னும் பத்து வருஷத்துக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, உரிமம் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். தோமாயிஸுக்கும் வேறு வீடு கிடையாது என்று அடுத்து நினைத்தாள். குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு, வாசலுக்குப் போய், முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் வாங்க. அட்டையக் கழட்டிட்டு வாங்க. அந்தத் தகட்டை யாரும் போட்டோ எடுக்க வேண்டாம்."

வந்தார்கள். சமையலறை கொள்ளாமல் நடையிலும் மாடிப்படியிலும் நின்றார்கள். ஆர்கிரிஸ் முற்றத்துக்குப் போய் மைக்கைப் பிடித்து, அத்துமீறல், அத்துமீறல் என்று கத்த ஆரம்பித்தான். ஸஹரூலா அவன் கத்துவது போதாதென்று பாட்டு வேறு போட்டுவிட்டாள். கிளாரினெட் சுவரை அதிரவைத்தது. அலெக்ரா நகரத்தில் எப்போதும் தேதியில் ஆரம்பிப்பாள், பிறகு எண்ணிக்கை, பிறகு தெருப் பெயர். இங்கே அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

"இது தோமாயிஸ் பக்கோலா வீடு," என்றாள்.

அவ்வளவுதான் முதலில் வந்தது. அந்தச் சுவர்களுக்குள் அந்தப் பெயரை முழுசாக யாரும் சொல்லி அறுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

மாடிப்படியில் நின்ற ஒரு ஆள் காதுக்குக் கையை வைத்துக்கொண்டான். "பாட்டு சத்தத்துல கேக்கல! யாரு வீடுன்னு சொன்னீங்க?"

அலெக்ரா வாயைத் திறப்பதற்குள் பலோம்பா நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் வழியாக முற்றத்துக்கும் கேட்கும்படி, நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"தோமாயிஸ் வீடு! தோ-மா-யிஸ்! எழுதிக்குங்க. வெளிய கத்துறாங்களே, அவங்க வீட்டுக்காரங்க இல்ல. சும்மா வந்து குந்தினவங்க."